பதின்மூன்றுக்கு மூன்று

எங்கள் இளைஞர் தலைமை மன்றத்தில் பதினாறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது பையன்கள், ஏழு பெண்கள். எல்லோரும் பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்குள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். மூன்று மணி என்றால் மூன்று இருபதுக்குத்தான் பாதிப் பேர் வருவார்கள். நான் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து இரண்டே முக்காலுக்கே வந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அளக்க ஒன்றும் இல்லாமல்தான் இந்த மன்றத்தை ஆரம்பித்தேன்.

ஏழு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான்காவது விதி இது: ஓட்டெடுப்பில் முடிவானது எல்லோருடைய முடிவு, எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் வெளியே அதற்காகவே பேச வேண்டும். உள்ளே தலையாட்டிவிட்டு வெளியே வந்து வேறு பேசுகிறவர்களை அலுவலகத்தில் நிறையப் பார்த்தவன் எழுதிய விதி. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த வருஷம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த தலைவர் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். பட்டு நெசவு செய்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தைத் தவிர அவளைத் தனியாக அனுப்பும் ஒரே இடம் எங்கள் மன்றம்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தெரிந்த ஒருவர் இருபத்து நான்கு மரக்கன்றுகளும் கம்பிக் கூண்டுகளும் தர முன்வந்தார். எங்கே நடுவது என்று பார்த்தபோது அவள் தெருதான் பொருத்தமாகத் தெரிந்தது. அங்கே ஒரு மரம்கூட இல்லை. நானே நாடா பிடித்து அளந்தேன். பதினாறு அடிக்கு ஒரு கன்று, பக்கத்துக்குப் பன்னிரண்டு. சாயங்காலம் நாலு மணி. தெரு காலியாக இருந்தது.

கூட்டத்தில் அவள் எழுந்தாள்.

“சார், காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க. பாவு நீட்டினு இருப்பாங்க. அறுபது அடி. கூண்டு வச்சா எங்க சார் நீட்டுறது?”

நெய்வதற்கு முன்னால் நீளவாட்டு இழைகளைத் தெருவோரமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்வார்கள். அதைத்தான் சொன்னாள்.

“நடுரோட்ல நீட்டுங்களேன்,” என்றான் ஒருவன்.

“நீட்டலாம். உன் ஸ்கூல் வேன் மேல பறந்து போவுமா?”

சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஐந்துக்குப் பஸ். காலையில் ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். ஓட்டெடுப்பு என்றேன். பதின்மூன்றுக்கு மூன்று. அந்த மூவருமே அந்தத் தெருப் பிள்ளைகள். அது அப்போது என் கணக்கில் ஏறவில்லை.

நட்டோம். ஒன்பதாம் நாள் காலை ஆறு பத்துக்கு அவள் போன் செய்தாள். “சார், வர முடியுமா?” வேறொன்றும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர ஏழு ஐந்து ஆகிவிட்டது. எதிர் வீட்டுக்காரரின் பாவு காற்றில் அசைந்து ஒரு கூண்டின் கம்பி முனையில் மாட்டியிருந்தது. அறுந்த இழைகளை நாற்பத்தொன்று வரை எண்ணினேன். எண்ணுவதை யாரோ பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

“உம் பொண்ணு தலைவியாச்சே, அறுந்த இழைய அதையே முடி போடச் சொல்லு,” என்று எதிர் வீட்டுக்காரர் அவள் அப்பாவிடம் சொன்னார். “மரம் வளந்தா ஊஞ்சல் கட்டி ஆடலாம். தறிய வித்துட்டு எல்லாரும் ஆடலாம்பா.”

அப்பா மகளைப் பார்த்தார். அவள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“வெயில் காலத்துல நெழல் வேணும்ல மாமா. எல்லாரும் சேந்து எடுத்த முடிவு,” என்றாள். குரல் நடுங்கவில்லை. மனப்பாடம் செய்ததுபோல் இருந்தது.

இவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள், குற்றம் என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பேச இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை, “கம்பி முனைய உள்பக்கமா மடிச்சுடலாம்,” என்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. வந்திருந்த பதினைந்து பேரும் கூண்டுகளை எடுத்துவிடலாம் என்று கை தூக்கினார்கள். அன்றே எடுத்தோம். கன்றுகளை மாகறல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார்.

“எடுத்துட்டீங்க, சந்தோஷம் சார். ஆனா பொண்ண இனிமே மன்றத்துக்கு அனுப்பல.”

“தப்பு என்மேலதாங்க.”

“மரத்தப் பத்தி இல்ல சார். அன்னிக்கே எங்கிட்ட வந்து, நான் வேணாம்னுதாம்பா கை தூக்கினேன்னு சொல்லிச்சு. மனசுல வேணாம்னு வச்சிக்கினு, தெருவுல நின்னு வேணும்னு பேசுது. நான் பக்கத்துலயே நிக்கிறேன். இப்படிப் பேச நாங்க கத்துக்குடுக்கல.”

உள்ளே அவள் இழை சுற்றிக்கொண்டிருந்தாள். “சார உடுப்பா,” என்றாள், திரும்பாமல்.

நான்காவது விதியின் நியாயத்தை விளக்கலாம். விளக்க விளக்க அவர் சொன்னதுதான் சரியென்று படும். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து, “பாத்துப் போங்க சார், படி உயரம்,” என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த கூட்டத்தில் நான்காவது விதியைப் பேசி மாற்றலாமா என்று கேட்டேன். பிள்ளைகள் மாற்றலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி, புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போம், யார் நிற்கிறீர்கள் என்றேன். போன தடவை ஆறு பேர் நின்றார்கள், இரண்டு சுற்று ஓட்டெடுப்பு நடந்தது. இப்போது ஒரு கைகூட உயரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெண், “தலைவர் இல்லாம நடத்தலாமா சார்?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை இருபது நிமிஷம் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.