பாகூர் பேனரில் மணக்கோலத்தில் என் தங்கை

போன மாதம் ஒரு சனிக்கிழமை பாகூர் போய்வந்தேன். ஏரியும் மூலநாதர் கோயிலும் பார்க்கத்தான் போனேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். நான் போனது சண்டைக்கு.

என் தங்கை கவிதாவுக்கு நெட்டப்பாக்கத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறோம். நிச்சயம் நெருங்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். பாகூர் கடைத்தெருவில் ஒரு பியூட்டி பார்லர் பேனரில் கவிதா நெற்றிச்சுட்டியும் மாலையுமாக நிற்கிறாளாம். "பொண்ணுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது..." என்று இழுத்தார். எங்கள் அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது. நடந்தது ரொம்பச் சாதாரணம். மேக்கப் படித்த தோழி ஒருத்தி, பழகுவதற்காகக் கவிதாவைக் கல்யாணப் பெண்ணாக அலங்கரித்தாள். அந்தப் படத்தை எங்கள் மகாராணி இன்ஸ்டாகிராமில் ஊரே பார்க்கும்படி போட்டுவைத்தாள். "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அக்கா, நீ போய் இறக்கிட்டு வா" என்று அழுதாள்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து பாகூருக்கு டவுன் பஸ், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். கன்னியக்கோயிலில் கடலூர் சாலையை விட்டுத் திரும்பியதும் நெல்லும் கரும்பும்தான். இருந்த கோபத்தில் எனக்கு பேனர்கள் மட்டுமே கண்ணில் பட்டன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள்... இந்தப் பக்கத்தில் விசேஷம் என்றால் பந்தியில் அப்பளம் இல்லாமல் போகலாம், தெருவில் பேனர் இல்லாமல் போகாது.

இறங்கிய இடத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் படத்தைக் காட்டினேன்.

"இன்னாக்கா, இந்தப் பொண்ணா? டிவி சீரியல் நடிகைன்னு இல்ல சொல்லிக்கினு இருக்காங்க!" என்றார். வயிற்றெரிச்சலோடு ஏறி உட்கார்ந்தேன். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பேனருக்கு அடியிலேயே இறக்கிவிட்டார்.

பார்லர் நடத்துபவர் பெயர் செல்வி. ஒரு பெண்ணுக்கு நூல் போட்டுப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். பேனரில் இருப்பது யார் என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. ஃபிளெக்ஸ் கடைல நெட்ல இருந்து எடுத்துப் போட்டாங்க."

"நீங்க மேக்கப் போட்ட பொண்ணுங்க படமே இல்லையா?"

"ஏன் இல்ல? போன் பூரா இருக்குது. கட்ட முடியுமா? ஊர்ப் பொண்ணு மூஞ்சிய ரோட்ல மாட்டுனா, அவங்க வூட்ல வெளக்கமாத்த எடுத்துக்கினு வந்துடுவாங்க. அதான் யாரோ ஒருத்தியப் போட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த யாரோ ஒருத்தி என் தங்கச்சி. அவளுக்கும் வூடு இருக்குது" என்று நிச்சயதார்த்தக் கதை முழுவதையும் கொட்டினேன். செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டார். ஒற்றைப் புருவத்தோடு உட்கார்ந்திருந்த பெண்தான் முதலில் பேசினாள். "அக்கா, போய் அத மொதல்ல எறக்கு. என் புருவம் எங்கயும் ஓடிடாது."

செல்வி ஸ்டூலைப் போட்டு ஏறி, தானே கயிற்றை அறுத்தார். ஃபிளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு, படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். பிறகு நான் கேட்காமலே, "சம்பந்தியம்மா நம்பரு குடுங்க" என்றார்.

"அம்மா, பாகூர் பார்லர்ல இருந்து பேசறேன். பேனர்ல இருக்கற பொண்ண நான் கண்ணால பார்த்ததே இல்லம்மா. கேக்காம எடுத்துப் போட்டது என் தப்பு."

ஸ்பீக்கரில் சம்பந்தியம்மாவின் சிரிப்பு வந்தது. "நல்லா இருக்குதே! நாங்க மாலை போடறதுக்குள்ள நீ போட்டுட்டியா? சரி, நிச்சயத்துக்கு நீயே வந்து எங்க மருமகளுக்கு மேக்கப் போட்டுடு." அந்த 'மருமக' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் பசித்தது, ஊரும் கண்ணுக்குத் தெரிந்தது. மதியத்தில் கோயில் நடை சாத்தியிருப்பார்கள், மாலையில் போங்கள். ஏரிக்கரையில் நல்ல காற்று. தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், பக்கத்தில் கடை கிடையாது.

கவிதாவின் கணக்கை இப்போது பூட்டிவிட்டோம், தெரிந்தவர்கள் மட்டும்தான் பார்க்கலாம். பொதுவில் படம் போட்டே ஆகவேண்டும் என்பவர்கள், உங்கள் பெயரைப் படத்தின் ஓரத்தில் எழுதாதீர்கள், வெட்டிவிடுவார்கள். படத்தின் நடுவில் குறுக்கே எழுதுங்கள். உங்கள் படத்தை எங்காவது பார்த்தால், சண்டைக்குப் போகுமுன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு செல்வி கிடைத்தார். மசியாத ஆளாக இருந்தால் சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கிளம்பும்போது செல்வியையும் அந்தப் பெண்ணையும் காலிக் கம்பங்களுக்கு நடுவே நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், அவ்வளவு அழகான படம். பிளாக்கில் போடலாமா என்று கேட்டேன். செல்வி உடனே தலையாட்டினார். அந்தப் பெண் ஆட்டவில்லை.

"என்னப் போடாதீங்கக்கா. நான் புருவம் எடுக்க வந்தது எங்க வூட்ல தெரியாது."

அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன். இந்தப் பதிவில் படம் இல்லாதது அதனால்தான்.