கழற்றிய போல்ட் எங்கே?

சைக்கிள் கடைக்காரனுக்குச் சக்கரத்தைக் கழற்றும்போது பயம் வராது, மாட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் வரும். எதையாவது பிரித்துப் பூட்டிப் பிழைப்பவரா நீங்கள்? அப்படியானால் அந்தப் பயம் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்.

கியர் வண்டி

சின்னக்கானலில், மலைச்சாலை இறக்கம் தொடங்கும் இடத்தில் என் கடை. முதல் கியர் வண்டி பஞ்சராகி வந்தபோது, பின்சக்கரத்தடியில் தொங்கிய கியரைத் தொடாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வண்டிக்காரப் பையன் சங்கிலியை ஆகச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுச் சிரித்தான்.

"அது கடிக்காதுண்ணே. கியரப் பின்னால தள்ளிப் பிடிங்க, சக்கரம் தானா வந்துரும்."

வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம்.

பின்னால் மிதித்தால் நிற்கும் வண்டி

ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் செல்வியின் சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் நிற்கும். சக்கரத்தோடு ஒட்டிய இரும்புக் கை ஒன்றைச் சட்டத்தில் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். அந்தப் போல்ட்டைக் கழற்றினால்தான் சக்கரம் வரும். கழற்றினேன், பஞ்சர் ஒட்டினேன், மாட்டினேன், சங்கிலியை இழுத்து நட்டை முடுக்கினேன். பிரேக் பிடிக்குமா என்று கேட்டாள். கியர் வண்டியையே கழற்றுகிறவன், இதெல்லாம் ஒரு வேலையா என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

"மூணாவது வளைவுல ஆன நிக்கிதாம்ண்ணே. அதான் கேட்டேன்."

சட்டைப் பை

அவள் போனபின் கண்ணாடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். போல்ட் வந்தது. செல்வி வண்டியின் இரும்புக் கையைப் பிடிக்கவேண்டிய போல்ட். அது இல்லாமல் பின்னால் மிதித்தால் இரும்புக் கைதான் சுற்றும், பிரேக் பிடிக்காது. வளைவுக்கு அந்தப்பக்கம் பள்ளம், இந்தப்பக்கம் யானை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடையில் சக்கரம் கழற்றிக் கிடந்த ஒரு கியர் வண்டியில் சக்கரத்தைச் செருகி இறுக்கி, போல்ட்டோடு ஏறி விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் வளைவில் யாரும் இல்லை. பள்ளத்தை எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டாவது வளைவில் செல்வி வண்டியை உருட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தாள். போல்ட்டை நீட்டினேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள்.

"பிரேக்கப் பாக்காமலே பெருசாப் பேசுனீங்கல்ல, அப்பவே பயந்துட்டேன். கடையத் தாண்டுனதும் இறங்கிட்டேண்ணே."

இப்போதெல்லாம் கழற்றிய போல்ட்டை, திரும்ப மாட்டும்வரை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்து வைக்கிறேன், ஏனென்றால் என் கெட்டிக்காரத்தனத்தைவிட அவர்கள் பயம் நம்பகமானது.