இரண்டு பேருக்கு ஒரு பூட்ஸ்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் பதினாறு பேர் இருந்தோம். ஏழாம் நம்பர் பூட்ஸ் சேரும் கால் இரண்டு பேருக்கு. ஒருவன் நான், இன்னொருவன் இடது பின்களத்தில் ஆடிய என் அறைத்தோழன். விளையாட்டுத் துறை சார் ஏழாம் நம்பரில் ஒரு ஜோடி மட்டும் வாங்கிவிட்டு, யார் காலுக்கும் ஆகாத பதினோராம் நம்பரில் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மாற்றித் தரச் சொன்னதற்கு, இருவரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள், ஒரே நேரத்தில் இறங்கப் போவதில்லையே என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அப்படியொரு மூளை. ஆக, அவன் காலிலிருந்து கழன்றால்தான் என் காலுக்கு.

பூட்ஸ் இல்லாதவனை நடுவர் கோட்டைத் தாண்ட விடமாட்டார். மற்றவர்களுடையதெல்லாம் ஒன்பது, பத்து. போட்டு ஓடினால் பந்துக்கு முன்னால் பூட்ஸ் போகும்.

சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் நான் முதல் வருஷத்திலிருந்தே அணியின் நிரந்தர ஆட்டக்காரன். கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தைச் சுற்றியிருந்த அத்தனை பேரிடமும் அப்பா அதைச் சொல்லி வைத்திருந்தார். கல்லூரியே எல்லாம் கொடுக்கிறது என்று அளந்துவிட்டவன் எந்த வாயால் பூட்ஸ் கேட்பான்?

அந்த அறை நண்பன் பீர்மேட்டுப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து வந்தவன். அணி முழுக்க மலையாளம். தமிழ் பேச எனக்கு அவன், அவனுக்கு நான். நன்றாக ஆடுவான். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வருஷம், கடைசி சீசன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெர்ஸியும் காலுறையும் ரப்பர் செருப்புமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கீழே விழும்போதெல்லாம் என் கால் தன்னால் செருப்பை உதறும். அவன் எழுந்துவிடுவான். நான் மறுபடி மாட்டிக்கொள்வேன். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு ஆட்டத்திலாவது நினைத்ததாக நினைவில்லை.

அரையிறுதி எங்கள் ஊருக்குப் பக்கத்து மைதானத்தில் வந்தது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முழங்காலில் வலி, அதனால் இன்றைக்கு இரண்டாம் பாதியில்தான் இறக்குவார்கள் என்று அவரிடம் புளுகினேன். நண்பன் பக்கத்தில் நின்று பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் விழுந்தான். இந்த முறை எழவில்லை. தூக்கி வந்து ஓரத்தில் கிடத்தியபோதே இடது கணுக்கால் வீங்கி, பூட்ஸை நெருக்கிக்கொண்டிருந்தது. சார் இன்னொரு மாற்று ஆட்டக்காரனை எழச் சொன்னார். அவனுக்கு இடது பக்கம் பழக்கமில்லை, நான் போகிறேன் என்றேன். அணிக்காகப் பேசுகிறவனைப் போலவே பேசினேன்.

முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்த மாணவி கத்தரியை எடுத்தாள். காலை அசைக்கக் கூடாது, பூட்ஸை வெட்டி எடுக்கலாம் என்றாள்.

"வெட்ட வேண்டாம்," என்றேன். "கழட்டீரலாம்."

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலே, கூட்டம் நின்ற பக்கம் பார்த்தான். நான் குதிகாலைப் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் உள்ளே ஏதோ நகர்ந்ததை என் கை உணர்ந்தது. அவன் ஜெர்ஸியின் கழுத்தைக் கடித்துக்கொண்டான். சத்தமே வரவில்லை. சத்தம் இல்லாததால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

பூட்ஸ் உள்ளே சூடாக இருந்தது. மாட்டிக்கொண்டு ஓடினேன். அப்பா பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, பையன எறக்கீட்டாங்க," என்று சொன்னது காதில் விழுந்தது. மோசமாக ஆடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அப்பா வந்திருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

எலும்பில் வெறும் விரிசலாக இருந்திருக்க வேண்டியது, பூட்ஸை இழுத்ததில் விலகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். இறுதி ஆட்டத்திலும் அதே பூட்ஸில் நான்தான் இறங்கினேன். என் பக்கமாகவே வந்து மூன்று கோல் போட்டார்கள்.

பல வருஷம் கழித்து, போன மாசம்தான் அவனைத் தேடிப் போனேன். குமுளியில் ஆட்டோ ஓட்டுகிறான். எஸ்டேட் ரோட்டில் ஜீப் ஓட்ட வேண்டும் என்பது ஹாஸ்டல் காலத்திலேயே அவன் ஆசை. ஜீப்புக்கு இடது காலால் கிளட்ச் மிதிக்க வேண்டும். அந்தக் கணுக்கால் அவனுக்கு மடங்காது. ஆட்டோவில் கிளட்ச் கையில். இதை அவன் எனக்கு விளக்கவில்லை. இறங்கி டீக்கடைக்கு நடந்தபோது நானே பார்த்துப் புரிந்துகொண்டேன்.

டீ ஆறும்வரை கேட்கவில்லை. பிறகு கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று. கத்தியிருந்தால் யாராவது என் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள்.

"ஒங்கப்பா பாத்துக்கிட்டு இருந்தாருல்ல," என்றான். "அதான்லே."

டீக்காசை அவனே கொடுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவில் கொண்டுவந்தும் விட்டான். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா யாரோ விருந்தாளியிடம் அந்த அரையிறுதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு நான் எப்படி ஆடினேன் என்ற இடத்துக்கு வந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.