சிறுபாலத்து ஓரத்தில் வந்த நல்ல எண்

முள்ளக்கா என்ற பெயரை வைத்தது அவளுடைய கொழுந்தன்தான். சாலை போடுகிற இடத்தில் ரோலர் ஓட்டுகிறவன். அவன் உருட்டி இறுக்கிய மண் தாங்குமா தாங்காதா என்று சோதித்துச் சொல்வது அண்ணியின் வேலை. மண்மேல் இரும்புத் தட்டை வைத்து, பாரம் ஏற்றிய லாரியின் அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்துத் தட்டை அழுத்துவாள். அது எவ்வளவு இறங்குகிறது என்று அளவுமானியின் முள் காட்டும்; குறைவாக இறங்கினால் மண் உறுதி. முள் நிற்கும்வரை அவள் கொட்டாவிகூட விடமாட்டாள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன், தட்டுக்கு அடியில் மணல் பரப்பும் கூலியாளாக வந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கணக்கை, இன்ஜினியர்கள் கசக்கி எறிந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். சோதனை அறிக்கையில் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை போன மாதம்தான் கிடைத்திருந்தது.

அன்று காலை அடுப்படியில் நின்றபடியே முந்தின நாள் குறிப்பைப் புரட்டினாள். சிறுபாலத்தின் சுவரோரம் வந்த எண், மற்ற எல்லா இடத்தையும்விட நன்றாக இருந்தது. அதுதான் உறுத்தியது. சுவரை ஒட்டி ரோலர் போக முடியாது. சின்ன இயந்திரத்தைக் கையால் பிடித்து இடித்த மண் அது. நோஞ்சான் மாடு பந்தயத்தில் முந்துமா?

செய்ததை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். பிடிபட்டது. அளவுமானியைத் தாங்கும் நீளக் கம்பி அந்த இடுக்கில் நுழையவில்லை என்று குட்டைக் கம்பியை வைத்திருந்தாள். அதன் கால்கள் தட்டுக்கு மிக அருகில் இருந்தன. தட்டு இறங்கும்போது கால்களும் கூடவே இறங்கியிருக்கும். சேர்ந்து அமிழ்கிற இருவரில் ஒருவருக்கு மற்றவர் அமிழ்வது எப்படித் தெரியும்? மண் உறுதி என்று கையெழுத்துப் போட்டாயிற்று. மதியம் தார் வருகிறது.

தீப்பெட்டியை லாரியாகவும் கரண்டியை நீளக் கம்பியாகவும் தரையில் வைத்துப் பார்த்தாள். லாரியைக் குறுக்கே திருப்பினால் கம்பி நுழையும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"லாரியைச் சிறுபாலத்துக்கு வரச் சொல்லு," என்றாள் கொழுந்தனிடம்.

"என்ன அண்ணி, பாஸான புள்ளைக்கு மறுபடி பரீட்சையா?"

"பரீட்சை இப்ப டீச்சருக்கு."

விஷயம் கேட்டு இன்ஜினியர் ஓடி வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். "அக்கா, நீங்க தப்புன்னு எழுதினா கையெழுத்து உரிமையைப் பிடுங்கிடுவாங்க. அதை உங்களுக்கு வாங்கித் தர நான் ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தேன் தெரியுமா?"

"தெரியும் சார். முள்ளு என்ன சொல்லுதுன்னு முதல்ல பாப்போம்."

பாரம் ஏற ஏற முள் ஊர்ந்தது. ஒவ்வொரு முறையும் அது நிற்கக் காத்திருந்தாள். தார் லாரிக்காரர்கள் இன்ஜினியரை ஃபோனில் பிய்த்து எடுத்தார்கள். அவள் நிமிரவில்லை. கடைசியில் தட்டு, நேற்றைவிட இரண்டரை மடங்கு இறங்கியிருந்தது.

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. "நான் ஒழுங்காத்தான் உருட்டினேன்."

"நீ உருட்டினது நிக்குது. உன் வண்டி போகாத நாலடிதான் நிக்கல. தோண்டிட்டு, கொஞ்சம் கொஞ்சமா போட்டு இடிக்கணும்."

"நாலடிக்கு இவ்வளவு அலப்பறையா?"

"பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்து அந்த நாலடியைத் தாண்டிப் பாரு, அப்பத் தெரியும்."

அறிக்கையை எடுத்தாள். இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "இடம் பத்தலைன்னு காரணம் எழுதலாமே அக்கா?"

"இடம் இருந்துச்சு சார். லாரியைத் திருப்பச் சொல்ல எனக்குத்தான் சோம்பல்."

அப்படியே எழுதினாள். தார் லாரிகள் திரும்பிப் போயின. அவளுடைய தனிக் கையெழுத்தை அலுவலகம் மூன்று மாதம் நிறுத்தி வைத்தது; அதுவரை இன்ஜினியரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று மாதமும், கம்பிக்காலுக்கும் தட்டுக்கும் உள்ள தூரத்தை இன்ஜினியரே குனிந்து டேப் பிடித்து அளந்த பிறகுதான், அவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள்.

"முட்டி வலிக்குதுக்கா," என்பார் அவர்.

"கையெழுத்துன்னா சும்மாவா சார்? இந்தப் பக்கமும் அளங்க."