பெயரைத் திருப்பித் தராத மொரீன்

தொத்திறைச்சியைத் தராசில் போட்ட கையோடு, "குடும்பப் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டுவிடுகிறாள் மொரீன். இறைச்சிக் கடைக்கு வந்தவர் தப்பிக்க முடியாது. "வாக்கரா? உங்க முன்னோருங்க புதுசா நெய்த துணியைத் தொட்டியில போட்டு மிதிச்சு கெட்டியாக்கினவங்க. காலு வலுவா இருக்கணுமே." வாக்கர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொள்கிறார். வரிசை நீள்கிறது. முதலாளி உள்ளேயிருந்து இருமுகிறார். அதெல்லாம் மொரீன் காதில் விழுந்தால்தானே?

தன் பெயர் என்று வந்துவிட்டால் கத்தியையே கீழே வைத்துவிடுவாள். ஹெப்பன்ராய்ட். யார்க்‌ஷயரில் அந்த ஒரு மலைச்சரிவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் முளைக்காத பெயர். ஹெப்பன் என்றால் காட்டுரோஜா, ராய்ட் என்றால் காட்டைத் திருத்திய நிலம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் காட்டுரோஜாப் புதரை வெட்டிப் பண்ணை போட்டான். பண்ணையின் பெயர் அவன்மேல் ஒட்டிக்கொண்டது, பிறகு அவன் பிள்ளைகள்மேல். பண்ணை இடிந்து குட்டிச்சுவராயிற்று. பெயர் மட்டும் பஞ்சாலைக்கும் சுரங்கத்துக்கும் பிழைக்கப் போயிற்று. மழையில் கல்லறை கல்லறையாக அலைந்து இவ்வளவையும் தோண்டி எடுத்தவள் மொரீன்தான்.

இத்தனைக்கும் அது அவள் கட்டிக்கொண்டு வந்த பெயர். பிறந்த வீட்டில் அவள் ஸ்மித். அதைப் பற்றிக் கேட்டால், "ஊருக்கு ஊரு கொல்லன் இருந்தான், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவாள்.

கணவன் காலின் லாரி ஓட்டுகிறவன். பெயரைப் பற்றி ஒருநாளும் அலட்டிக்கொண்டதில்லை. போன வருஷம் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஜேனிஸைக் கட்டிக்கொண்டான். இந்த வசந்தத்தில் ஒருநாள் கடைக்கே வந்து நின்றான்.

"ஒரே ஊர்ல ரெண்டு மிஸஸ் ஹெப்பன்ராய்ட் இருக்கறது ஜேனிஸுக்கு என்னவோ போல இருக்காம். நீ பழைய பேருக்கே போயிடேன், மொரீன்."

"வீட்டை எடுத்துக்கிட்ட, நாயை எடுத்துக்கிட்ட. பேரு கிடையாது."

"அது எங்கப்பன் பேரு."

"உங்க தாத்தாவோட அப்பன் யாருன்னு சொல்லு, பாப்போம்."

காலின் கால் கிலோ ஈரல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

ஆகஸ்டில் ஹெப்பன்ராய்டுகள் மலைமேல் கூடுவார்கள். விழுந்து கிடக்கும் பண்ணைச் சுவரில் ஆளுக்கொரு கல் எடுத்து வைப்பது வழக்கம். அதைத் தொடங்கி வைத்ததும் மொரீன்தான். இந்த வருஷம் ஏறிப்போகும்போது இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். இவர்களும் கழற்றிவிட்டால் அவளுக்கென்று வேறு ஆட்கள் இல்லை.

பயந்தபடியே, குடும்பச் சங்கத்தின் தலைவர் கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காத, மொரீன். கல்லு வைக்கறது குடும்பத்து ஆளுங்க மட்டும்னு சில பேரு..."

"அந்த முதல் ஆளு இங்கயா பொறந்தான்? எங்கிருந்தோ வந்தவன்தானே. புதரை வெட்டினான், பேரு கிடைச்சுது. நானும் கொஞ்சநஞ்சமா வெட்டியிருக்கேன், கிளிஃபர்ட்?"

கிளிஃபர்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் மேகத்தைப் பார்த்தார். மொரீன் போய்த் தட்டையாக ஒரு கல்லைத் தேடி எடுத்தாள்.

சுவரின் கோடியில் ஜேனிஸ், வெள்ளைச் செருப்பில் சேறு அப்ப, ஓர் உருண்டைக் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வைத்தாள், உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. காலின் கைப்பேசியில் மூழ்கியிருந்தான்.

மொரீன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது. பிறகு போய், "உருண்டை நிக்காது கண்ணு" என்று அந்தக் கல்லை வாங்கிக் கீழே போட்டாள். தான் தேடி வைத்திருந்த தட்டைக் கல்லை அவள் கையில் கொடுத்து, இடுக்கைக் காட்டிவிட்டு, தனக்கு வேறொன்று தேடக் குனிந்தாள்.