நெற்றியில் ஒட்டிய தாள்

எண்பதுகளின் பிற்பகுதி அது. பினாங்குப் பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். மழை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் இருந்து இருபது பேரைக் கம்பெனி கொடிமலைக்கு அனுப்பியது. மலைமேல் ஒரு பழைய பங்களாவில் ஒருநாள் கோர்ஸ். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறோம் என்று உணரவைக்கும் பயிற்சியாம்.

எனக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தேன். நான் எல்லாரோடும் ஒத்துப்போகிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக ஆபீசில் எழுதிக் குவிக்கும் கிராணி வேலை. எங்கள் வீட்டார் ரத்தத்தைச் சோதித்தால் பேனா மைதான் வரும் என்று என் கணவர் கேலி செய்வார். குரலை உயர்த்தாமல், யாரோடும் முட்டிக்கொள்ளாமல், பல வருடங்களாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அதைப் பெரிய நற்சான்றாக நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அப்போது வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கணவரின் அக்கா பெர்த்தில் குடியேறியிருந்தார். நாங்களும் அங்கேயே வந்துவிட வேண்டும் என்று போனில் ஓயாமல் சொல்வார். என் கணவருக்கும் போக ஆசை. அவர் வேலை செய்த இடத்தில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்தான் முட்டுக்கட்டை. பினாங்கில் டத்தோ கிராமாட்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகியும் அங்கேயே இருந்தவள். எனக்கு இங்கே என்ன குறை, ஆபீசில் எல்லாரும் என்னிடம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பேன். அவர் பதில் பேசமாட்டார். என் வாதத்துக்கு அவரிடம் மறுவாதம் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த மாதம் முடிவதற்குள் போகிறோமா இருக்கிறோமா என்று அக்காவுக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்து மலை ரயில் மெதுவாகத்தான் போகும். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அன்று மாறும்போதே மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போனவர்களின் குடைகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் கரைந்துபோயின. கீழே ஊர் இருக்கிறது, கடல் இருக்கிறது, எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி போய்க்கொண்டிருக்கிறது என்று மனதுக்குத் தெரியும். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. பகல் தூக்கத்திலிருந்து எழுந்ததும் இது காலையா மாலையா என்று ஒரு நிமிடம் தடுமாறுவோமே, அந்த நிலையிலேயே பங்களாவுக்குள் நுழைந்தேன். அந்த மயக்கம் வெகுநேரம் என்னை விட்டுப் போகவில்லை.

பயிற்சி நடத்தியவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு மலாய் அம்மையார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அதிகம் பேசவில்லை. எங்களை வரிசையாக நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கொரு தாளை நெற்றியில் ஒட்டினார். மற்றவர்கள் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். நம் தாள் நமக்குத் தெரியாது, எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். யாருக்கு எது என்று அவரும் திட்டம் போடவில்லை. கைக்கு வந்ததை ஒட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் தேநீர் விருந்துபோல உலாவ வேண்டும். கம்பெனியின் ஆண்டு விருந்தை எங்கே வைக்கலாம் என்று பேச வேண்டும். ஒவ்வொருவரையும் அவரவர் நெற்றியில் உள்ளபடி நடத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

என் பிரிவின் தலைவர் ஒரு சீனர். ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் சிடுமூஞ்சி, ஆனால் நேர்மையான மனிதர். அவர் நெற்றியில் ‘என்னை நம்பாதீர்கள்’ என்று இருந்தது. அவர் எதைச் சொன்னாலும் அப்படியா, நிஜமாகவா என்று இழுத்தார்கள். ஒரு பெண் தன் கைப்பையை அவர் பக்கத்திலிருந்து நகர்த்திவைத்தாள். சற்று நேரத்தில் அவர் காது சிவந்துவிட்டது. விளையாட்டு என்று நன்றாகத் தெரிந்தும் குரல் ஏறியது. தான் சொல்வது உண்மை என்று ஆளாளுக்கு நிரூபிக்க ஆரம்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

எனக்கு அப்படி ஒரு தொல்லையும் இல்லை. கடற்கரை ஹோட்டல் வேண்டாம், ஊருக்கு வெளியே பத்து ஃபெரிங்கி என்ற அந்தக் கடற்கரைவரை மெஷின் ஆபரேட்டர் பெண்கள் எப்படி வந்து எப்படித் திரும்புவார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு கும்பலிடமும் சொன்னேன். பேச்சு வேறு பக்கம் போனது. சரி என்று தட்டிலிருந்து ஒரு கறிபாப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினேன். திறந்திருந்த ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினால் விரல் நுனி ஈரமானது. பேச்சுக்குரல்கள் எங்கோ பக்கத்து வீட்டு விருந்துபோலக் கேட்டன. ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஒருவர் என் தோளுக்கு மேல் கையை விட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் மேகம் விலகி, பாலம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை முழுதாகத் தெரிந்தது. கடலே தெரியாமல், வெள்ளை மேகத்தின்மேல் தொங்குகிற பாலம். யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன். எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். தனியாகவே பார்த்து முடித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் முழுக்க எனக்குச் சுகமாக இருந்தது. மாதம் ஒருமுறை இப்படி ஒரு கோர்ஸ் வைத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

பிறகு எங்களை வட்டமாக உட்காரவைத்தார்கள். தாளைப் பிரிக்காமல், அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்ல வேண்டும். பிரிவுத் தலைவர் எடுத்த எடுப்பிலேயே சரியாகச் சொல்லிவிட்டார். ‘என்னைப் பார்த்துச் சிரியுங்கள்’ என்று ஒட்டியிருந்த பெண் சொல்வதற்குள் அழுதேவிட்டாள். என் முறை வந்தது. எவ்வளவு யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் நான் சொன்னது இதுதான்.

“என் தாள்ல ஒண்ணும் எழுதலைன்னு நெனக்கிறேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. எப்பவும் போலத்தான் இருந்துச்சு.”

இரண்டு பேர் சிரித்தார்கள், நான் ஜோக்கடிக்கிறேன் என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அம்மையார் எழுந்து வந்து, என் நெற்றித் தாளை மெதுவாகப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். ‘என்னைக் கண்டுகொள்ளாதீர்கள்’ என்றிருந்தது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? புடவை பின்னால் கிழிந்திருப்பதை நாள் முழுக்க யாரும் சொல்லாமல், வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஓர் அவமானம். கன்னம் எரிந்தது. அம்மையார் என் தோளில் கையை வைத்தபடி நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரயிலில் மலையிலிருந்து இறங்கி வரும்போது என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் என்ன தப்பு, தாளில் இருந்ததைத்தானே செய்தார்கள், விளையாட்டை ஒழுங்காக விளையாடியிருக்கிறார்கள் என்று. அப்போது பிரிவுத் தலைவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க தாளை நான் பார்க்கவே இல்ல லா. எல்லாம் முடிஞ்சு வட்டமா உட்கார்ந்த பிறகுதான் படிச்சேன்.”

அது எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளையாட்டுக்காக அவர் என்னை ஒதுக்கவில்லை. நான் அந்த அறையில் இருந்ததே அவர் கண்ணில் படவில்லை. கோபம் வந்தது. கூடவே, அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றும் தோன்றியது. சொல்ல எவ்வளவு கூசியிருக்கும். இடைநிலையத்தில் பெட்டி மாறினோம். மறுபடியும் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்கள் மட்டத்தில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பெண். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேசையில் சீனர்களின் ஹொக்கியன் பேச்சு, இன்னொன்றில் மலாய்ப் பேச்சு. நான் எந்த மேசையிலும் ஓரத்து நாற்காலி. ஆபரேட்டர் பெண்கள் மழையில் நிற்கிறார்களே, பஸ் நிற்கும் இடத்தைக் கூரைக்குப் பக்கம் மாற்றலாமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அடுத்த மாதம் அதையே வேறொருவர் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர், சுற்றிலும் இத்தனை பேர் இருக்க, என்னைத் தேநீர் கலக்குகிறவள் என்று நினைத்துக் கோப்பையை நீட்டினார். யாரும் திருத்தவில்லை. நானும் ஊற்றிக்கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு கெட்ட வார்த்தை, ஒரு முறைப்பு, எதுவும் கிடையாது. இருந்திருந்தால் என்றோ உறைத்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் பாசாரிலிருந்து வாங்கிவந்த இறாலை அடுப்படியில் உரித்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்தாயா, நான் அப்போதே நினைத்தேன் என்று ஆரம்பிப்பார், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன். தெரிஞ்சும் நீ பொறுத்துப் போறேன்னு நெனச்சேன்.”

அப்போதுதான் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போடவும் முடியவில்லை, அவ்வளவு அழுகை. இத்தனை வருடம் அவர் பதில் பேசாமல் இருந்ததற்கு என்ன காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. தன் ஆபீசில் தினமும் பட்டுக்கொண்டிருந்தவர் அவர். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லும்போது அதைக் கலைக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியென்றால் பெர்த்துக்குப் போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“இப்பப் போகக் கூடாதுங்க. நான் இருந்ததே தெரியாத எடத்துல, போனது மட்டும் யாருக்குத் தெரியப் போவுது?”

அவர் இறாலைக் கழுவி வைத்தார். அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு இல்லை என்று அவரே சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று எனக்குத் தெரியும்.

ஆபீசில் முதல் சில நாள் பெரிய வேடிக்கை. காலை வணக்கம் நாலா பக்கத்திலிருந்தும் வந்தது. ஜன்னல் திரைக்கு என்ன நிறம் போடலாம் என்பதுவரை என்னிடம் யோசனை கேட்டார்கள். இதற்குப் பழைய நிலையே தேவலை என்றிருந்தது. பிறகு அதுவும் அடங்கிப்போனது. எல்லாம் மறுபடி பழையபடி ஆகும் என்று தெரிந்தபோது, ஒரு கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பேச்சை எடுத்தார். நான் இன்னும் முடிக்கவில்லை என்றேன். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பிரிவுத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். நான் முடித்தேன். சொன்னதில் பாதி உளறல்தான், பரவாயில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் உளறல் குறைந்தது. துணைத் தலைவர் பதவிக்கு நானே போய்க் கேட்டேன். முதல் தடவை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்த தடவை எனக்கு வந்தது.

பெர்த்துக்கு நாங்கள் விருந்தாளியாகத்தான் போய்வந்தோம். போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று கணவர் இப்போதும் சில நாள் யோசிப்பார். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. யாரும் வெறுக்காமலேயே ஒரு மனுஷியை இல்லாதவளாக்கிவிட முடியும், அதற்கு அவளே ஒத்தாசையும் செய்வாள் என்பது மட்டும் தெரியும். மற்றவர்கள் என்னைக் கண்டுகொள்ளாமல் இருந்ததை என்றோ மன்னித்துவிட்டேன்; அது எனக்குச் சுகமாக இருந்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.