சுண்ணாம்புச் சூளைக்காக நான் பேசிய பேச்சு

தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியஸுக்குத் தமிழ் வாத்தியாராக வந்து எனக்கு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. தீவெங்கும் கரும்புக்காட்டு ஓரங்களில் துணி ஆலைகளும், கடலோரமெல்லாம் ஓட்டல்களும் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடற்கரையில், பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த பழைய சூளை ஒன்று இருந்தது. சுற்றிலும் வாதாம் மரங்கள். காவடி எடுப்பவர்கள் அங்கே குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். சூளையை இடித்து நீச்சல்குளம் கட்ட ஓட்டல்காரர் ஒருவர் அனுமதி கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது. பத்தடியில் கடல் இருக்கும்போது குளம் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை.

கோயில் தலைவர் கையெழுத்து வாங்கக் கூட்டம் போட்டார். என்னைத் தமிழில் பேசச் சொன்னார்.

"இங்கே எல்லோரும் கிரியோல்தானே பேசுகிறார்கள். யாருக்கும் புரியாதே," என்றேன்.

"புரியாவிட்டால்தான், மிஸ்யே, கனமாக இருக்கும்," என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். சனிக்கிழமை பிற்பகல் மரத்தடியில் நல்ல கூட்டம். அரசாங்க அதிகாரி ஒருவரும் வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். நெய்தல் நிலத்தின் தொன்மையில் ஆரம்பித்தேன். சிலர் கைகூப்பினார்கள். மூச்சு வாங்க நான் சற்று நிறுத்தியதும் கூட்டம் முழுவதும் ஒரே குரலில், "அரோகரா" என்றது.

அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், "கி லி பே திர்?" என்று கேட்டார். என்ன சொல்கிறார் என்று அர்த்தம். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை.

அப்போது ஒரு பெண் எழுந்தார். ஸ்வெட்டர் ஆலையில் வேலை செய்பவர். மாதா கோயிலுக்குப் போகிறவர். தன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள என் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார்.

"நான் சொல்றேன், சார்," என்று தமிழில் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கிரியோலில் தொடங்கினார்.

"சார் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி டேக்சாவை எங்கே இறக்குவீர்கள்? ஓட்டல் வாசலிலா?"

கூட்டம் சிரித்தது. டேக்சா என்ற சொல்லே என் தாளில் இல்லை.

"இந்தச் சூளைக்குக் கல் சுமந்தது உங்கள் தாத்தாக்கள். அவர்கள் முதுகு வளைந்தது யாரோ நீந்தவா என்று கேட்கிறார்."

அதை நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

"கையெழுத்துப் போடாதவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் மார்க் குறையுமாம்."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லவே இல்லை," என்று தமிழில் பதறினேன்.

"அரோகரா," என்றது கூட்டம்.

வரிசை சாலைவரை நீண்டது. கடைக்கார பாய் வந்தார், மாதா கோயில் பாடகர் குழு வந்தது, தமிழ் வகுப்பில் பிள்ளைகளே இல்லாதவர்களும் வந்தார்கள். கடைசியாக நான் போட்ட கையெழுத்தை அதிகாரி மெல்ல அடித்தார். "நீங்கள் வெளிநாட்டுக்காரர், செல்லாது. ஆனால் பேச்சு பிரமாதம். டேக்சா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை," என்றார்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கம்மா, நான் பேசினதில் உங்களுக்கு எவ்வளவு புரிஞ்சுது?"

கொஞ்சம் யோசித்தார். "கடல் தெரியும், சார். மரம் தெரியும். மிச்சம்... நான் போட்டேன்."

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. சூளையையும் மரங்களையும் தொடக்கூடாது. ஓட்டல் ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது. தலைவர் மரத்தடியில் மறுபடி கூட்டம் போட்டு, நன்றி சொல்ல அந்தப் பெண்ணை அழைத்தார். எனக்குத் தேங்காய் உடைக்கும் வேலை கொடுத்தார்.